தீவில் நின்று என் தம்பியின் குரலைக் கேட்டவர்

கொப்பன்ஹேகனுக்குக் கிட்ட, டோஸ்ட்ருப்பில் எங்கள் பண்டகசாலையின் பின்வாசலில் லொறியை விட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது ராணி அக்காவின் போன் வந்தது. குணம் அண்ணையின் மனைவி ராணி அக்கா வேலை நாளில் எனக்குப் போன் எடுப்பவர் அல்ல. "தம்பி, லொறியை எங்கையாவது ஓரமா விட்டிட்டுக் கதையும்" என்றார். லொறி நிற்கிறது என்றேன். "உம்மட அண்ணை போயிட்டார்" என்றார். காலையில் வாசலில் பனி வழித்துவிட்டு உள்ளே வந்த குணம் அண்ணை, தேத்தண்ணீர் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்திருக்கிறார். தேத்தண்ணீர் வரும்போது ஆள் இல்லை. அம்புலன்ஸில் வந்தவர்கள் கனநேரம் முயன்று பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்களாம்.

பிள்ளைகளுக்கு அடுத்ததாக எனக்குத்தான் எடுப்பதாக அக்கா சொன்னார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. குணம் அண்ணையின் விஷயத்தில் நான் முன்வரிசைக்கு வந்தது அன்றைக்குத்தான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் ஆட்களில் யார் காலமானாலும் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும் வேலை என் தலையில்தான் விழும். 'புன்னகை மாறாத முகம், வாரி வழங்கிய கரம்' என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அப்படி எழுதப்பட்டவர்களில் சிலர் சிரித்ததை அவர்கள் வீட்டாரே கண்டிருக்க மாட்டார்கள். குணம் அண்ணைக்கு அந்தப் பழைய சொற்களை எடுத்துப் போட மனம் வரவில்லை. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அவர்மேல் அன்பு வைத்திருந்தீர்கள். நானும்தான். ஆனால் நான் அவரைப் பார்த்துப் பொறாமையும் பட்டேன். இன்றைக்கும் படுகிறேன். இலங்கையில் போர் முடிந்த அந்தக் கிழமையில் என் தம்பி வசந்தன் முகாமிலிருந்து ஒரே ஒரு தடவை போனில் பேசினான். பேசியது என்னோடு அல்ல, குணம் அண்ணையோடு. அதற்குப் பிறகு தம்பியின் குரலை எங்களில் எவரும் கேட்கவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்பதும் இதுவரை தெரியாது.

எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது கப்பல். டென்மார்க்கில் கடலுக்கு மேல் பாலம் வருவதற்கு முன், நீபோர்க்குக்கும் கோர்சோருக்கும் இடையில் ரயிலையும் ஏற்றிக்கொண்டு ஓடிய கப்பலின் சமையலறையில் நாங்கள் இருவரும் கோப்பை கழுவினோம். ஒரு மணித்தியாலப் பயணம். அதற்குள் ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் மேலே ஏறிப் பொரித்த மீன் சாப்பிட்டுக் கோப்பி குடித்தாக வேண்டும். கோப்பைகள் மலையாகக் குவியும். சேர்ந்து சில மாதங்கள் ஆவதற்குள் குணம் அண்ணையை மேலே கோப்பி விற்கும் இடத்துக்கு எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் அவர் தட்டு எடுக்க மேலே போனபோது இரண்டு மூன்று டேனிஷ் மூதாட்டிகளோடு சிரித்துப் பேசியிருக்கிறார். அடுத்த பயணத்தில் அவர்கள் அவரைத் தேடியிருக்கிறார்கள். அவ்வளவுதான் தகுதி. நான் கீழே கோப்பைகளோடு நின்றேன். இடைவேளையில் இறங்கி வந்து, "டேய், மேலை கடல் எண்டு ஒண்டு இருக்கு, வந்து பார்" என்பார். கையில் எனக்கென்று ஒரு கேக் துண்டும் இருக்கும். அந்தக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டேதான் அவர்மேல் எரிச்சல் பட்டேன்.

மேலே போய்ப் பார்த்தபோது கடலோடு ஸ்புரோகோ தீவும் தெரிந்தது. பயணத்தின் நடுவழியில், ஒரு மேடும் அதன்மேல் ஒரு வெளிச்சவீடும் சில பழைய மஞ்சள் கட்டடங்களுமாகக் கிடந்த சின்னஞ்சிறு தீவு. பாலம் கட்டுகிறவர்கள் கடலடியிலிருந்து அள்ளிய மண்ணை அதன் பக்கத்தில் கொட்டிக் கொட்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைப் பல மடங்கு பெரிதாக்கினார்கள். மேற்கிலிருந்து ஒரு பாலம் அந்தப் புது மண்ணில் வந்து இறங்க, கிழக்கே இன்னொன்று அங்கிருந்து ஏறிப் போனது. பாலம் திறந்தால் கப்பல் நிற்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேலையைத் தின்னப்போகிற பாலம் வளர்வதைப் பார்த்துக்கொண்டே கோப்பை கழுவினோம்.

கப்பல் நின்றபோது தீவைப் பராமரிக்க ஆள் தேவை என்று அறிவித்தார்கள். நாங்கள் இருவரும் விண்ணப்பித்தோம். நான் டேனிஷில் பதில்களைப் பாடமாக்கிக்கொண்டு, கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நேர்முகத்துக்குப் போனேன். ஆளில்லாத தீவில் வேலை செய்ய ஏன் விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். பொறுப்புணர்ச்சியைப் பற்றி நீளமாகச் சொன்னேன். குணம் அண்ணை அடுத்த நாள் கப்பலில் போடும் சட்டையோடு போனார். அவரிடமும் அதே கேள்விதான். அவர் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள தீவுகளில் ஒன்றில் பிறந்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் 'தீவான்' என்று அவரைச் சீண்டுவோம். "நான் தீவான். எங்கடை தீவிலையும் சண்டையாலை சனம் எல்லாம் வெளிக்கிட்டுது. ஆளில்லாத தீவைப் பாக்கிறதுக்கு ஆரும் வேணும்தானே" என்று டேனிஷில் சொன்னாராம். வேலை அவருக்குக் கிடைத்தது. நான் லொறி ஓட்டப் பழகி மேற்கே ஹோர்சன்ஸுக்குக் குடிபோனேன். அன்றிலிருந்து ஹோர்சன்ஸிலிருந்து டோஸ்ட்ருப்புக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு, எனக்குக் கிடைக்காத அந்தத் தீவைக் காலையிலும் பின்னேரத்திலும் கடப்பது என் தொழிலாகிவிட்டது.

அங்கே அவருக்கு என்ன வேலை என்று பலர் கேட்பீர்கள். புல்லு வெட்டுவார், கட்டடங்களைப் பார்த்துக்கொள்வார், பாலத்தில் போகும் வாகனங்களிலிருந்து காற்று பிடுங்கி எறியும் சாமான்களைப் பொறுக்குவார். மெத்தை, பிள்ளைகளின் குடை, தள்ளுவண்டி எல்லாம் பறந்து வந்து தீவில் விழும். தேடி வராதவர்களின் தொப்பிகளைத் தோய்த்துத் தானே போட்டுக்கொள்வார். நீங்கள் பார்த்துப் பாராட்டிய அந்தத் தொப்பிகளில் ஒன்றைக்கூட அவர் கடையில் வாங்கவில்லை. "இது என்ரை நாடு. சனத்தொகை நான் ஒராள். தேர்தலும் இல்லை, சண்டையும் இல்லை" என்று சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்காத இடம் ஒன்றும் அங்கே இருந்தது. அந்த மஞ்சள் கட்டடங்களில் முன்னொரு காலத்தில் இளம் பெண்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஒழுக்கம் தவறியவர்கள் என்று யாரோ முடிவுசெய்த பெண்கள். சுற்றிவரக் கடல் இருந்ததால் மதில் கட்டும் தேவை இருக்கவில்லை. கூட்டும் வேலைக்கு அங்கே போகும்போது குணம் அண்ணை முதலில் எல்லாக் கதவுகளையும் யன்னல்களையும் விரியத் திறந்துவிடுவார். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். சூடெல்லாம் வெளியே போகிறது என்று மேலதிகாரி சண்டை பிடித்தார். குணம் அண்ணை தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாளும் திறந்தார். ஏன் என்று ஒருதரம் கேட்டேன். "அடைச்சு வைச்ச வீடடாப்பா. நான் நிக்கிற நேரமாவது திறந்து கிடக்கட்டும்" என்றார். என்னை அந்த வேலைக்கு எடுத்திருந்தால் நான் யன்னல்களைப் பூட்டிவைத்து நல்ல பெயர் எடுத்திருப்பேன்.

ஹோர்ன் விஷயத்தை யார் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. நம்மவர்கள் பாலத்தால் போகும்போது தீவில் நிற்கும் குணம் அண்ணைக்காக ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. மேற்குப் பக்கம் யூலண்டில் கோயில் தேர் என்றால் கொப்பன்ஹேகன் பக்கத்திலிருந்து வரும் கார்கள் வரிசையாக அடித்துக்கொண்டு போகும். இந்த நாட்டில் ஹோர்ன் அடிப்பது முகத்துக்கு நேரே ஏசுவதற்குச் சமம். தீவின் மேலதிகாரி முதலில் யாரோ ஏதோ எதிர்ப்புக் காட்டுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். "இல்லை, அது என்ரை சொந்தக்காரர் காலை வணக்கம் சொல்லுறது" என்று குணம் அண்ணை விளக்கினாராம். ஒருதரம் நான் அடித்த ஹோர்னைத் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரு டேனிஷ்காரர், சுங்கம் கட்டும் இடம் தாண்டியதும் காரை நிறுத்தி என்னோடு சண்டைக்கு வந்தார். முழுக் கதையையும் அவருக்குச் சொல்லவேண்டி வந்தது. அடுத்த கிழமை அந்த மனிதரும் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார் என்று குணம் அண்ணை சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை. இத்தனை வருடம் அந்தப் பாலத்தால் ஓடிய எனக்கு ஒருவர்கூட ஹோர்ன் அடித்ததில்லை. நான் அடிப்பதற்கு அவர் தரும் பதிலும் பெரிய வரவேற்பு அல்ல. ஒரு கையில் வேலைச் சாமான் இருக்கும், மற்றக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்.

என் மகள் நிலாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. வீட்டில் நானும் என் மனைவி மலரும் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில்தான் பதில் சொல்வாள். குணம் அண்ணையோடு மட்டும் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினாள். காரணம் கேட்டேன். குணம் மாமாவுக்கு டேனிஷ் தெரியாது, பாவம் என்றாள், அதையும் டேனிஷில். பகல் முழுக்க டேனிஷ்காரர்களோடு வாயடிக்கும் மனிதர் பிள்ளைகளைக் கண்டால் ஒரு சொல்லும் விளங்காதவராக முழிப்பார். அந்தத் தந்திரம் எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறெரிந்தது. செத்த வீட்டில் தீவின் மேலதிகாரி எழுந்து, குணம் டேனிஷில் சொன்ன பகிடிகளைச் சொல்லிவிட்டு அழுதார். நான் நிலாவைப் பார்த்தேன். "அவருக்கு டேனிஷ் தெரியும் எண்டு எனக்கு எப்பவோ தெரியும் அப்பா. ஆனா அவருக்குத் தமிழிலை கதைச்சால் சந்தோசம்" என்று தமிழில் சொன்னாள். என்னோடு அவள் பேசிய ஆக நீளமான தமிழ் அதுதான். அதுவும் அவரைப் பற்றியதாக இருந்தது.

இதெல்லாம் சின்னப் பொறாமைகள். பெரியது ஊரில் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் தொடங்கியது. பாதை திறந்து சனம் போய்வந்துகொண்டிருந்த அந்த நாட்களில் நானும் தம்பி இருந்த வன்னிக்குப் போகப் புறப்பட்டேன். நான் ஊரை விட்டு வந்தபோது வசந்தனுக்கு இன்னும் குரல் உடையவில்லை. அவனுக்கென்று ஹோர்சன்ஸில் தேடித் தேடி ஒரு சோடி மண்ணிறத் தோல் சப்பாத்து வாங்கி வைத்திருந்தேன். போகிற நேரத்தில் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த மலர் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வந்தது. என் பயணம் நின்றது. ராணி அக்காவின் உறவினரைப் பார்க்கப் போன குணம் அண்ணைதான் சப்பாத்தைக் கொண்டுபோனார்.

போனவர் என் தம்பியின் வீட்டில் தங்கினார், அவனோடு குளத்தில் குளித்தார், அவன் சமைத்ததைச் சாப்பிட்டார். திரும்பி வந்து ஒரு படம் காட்டினார். வெறும் முற்றத்தில் வசந்தன் என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் தோளில் குணம் அண்ணையின் கை. நான் நிற்கவேண்டிய இடத்தில் அவர் நின்றார். அதைவிட இன்னொன்றும் செய்துவிட்டு வந்திருந்தார். அந்த நாட்களில் இலங்கைக்கு மலிவாகப் பேசலாம் என்று எந்தக் கொம்பனி சொன்னாலும் அடுத்த நாளே அந்த சிம்மை வாங்கிப் போடுவேன். நம்மில் பாதிப்பேர் அப்படித்தான். குணம் அண்ணை நம்பர் மாற்றாத ஆள். "உன்ரை அண்ணன் சட்டை மாத்துற மாதிரி நம்பர் மாத்துறவன். என்ரையைப் பாடமாக்கி வை" என்று சொல்லி, தன் போன் நம்பரை வசந்தனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சிரித்துக்கொண்டுதான் இதை என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன்.

போரின் கடைசி மாதங்களில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள். வசந்தன், சனமெல்லாம் ஒதுங்கிக் கிடந்த அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் எங்கோ இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். நான் லொறி ஓட்டினேன், வீட்டுக்கு வந்து செய்தி பார்த்தேன், திரும்ப லொறி ஓட்டினேன். சனி ஞாயிறுகளில் குணம் அண்ணையும் நானும் பஸ்ஸில் கொப்பன்ஹேகன் போய், ஊர்ச் சனத்தின் படங்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, போரை நிறுத்தச் சொல்லி மழையில் நின்றோம். போர் முடிந்தது என்று அறிவித்த நாளில் அவர் என் வீட்டுக்கு வந்து, இரவுவரை என்னோடு இருந்துவிட்டுப் போனார்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில் வழமைபோலப் பாலத்தால் வந்துகொண்டிருந்தேன். தப்பி வந்த சனத்தை வைத்திருந்த முகாம்களுக்கு மலிவாக எடுத்துக் கேட்கலாம் என்று அந்தக் கிழமைதான் புது சிம் போட்டிருந்தேன். குணம் அண்ணைக்கு அந்த நம்பரை இன்னும் சொல்லவில்லை. மேற்குப் பாலம் முடிந்து தீவுக்குள் இறங்கியதும் ஹோர்ன் அடித்தேன். தெருவோரப் புல்மேட்டில், வேலிக்குக் கிட்ட, செம்மஞ்சள் வேலைச் சட்டையோடு அவர் நின்றார். அன்றைக்கு ஒரு கை உயரவில்லை. இரண்டு கைகளும் தலைக்கு மேல் இருந்தன. முகம் கோணியிருந்தது. அதற்கு மேல் பார்ப்பதற்குள் லொறி தாண்டிவிட்டது.

எங்கள் ஊரில் ஒருவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றால் என்னவென்று விசாரிக்கத் தேவையில்லை. வசந்தன் போய்விட்டான் என்று எனக்கு விளங்கிவிட்டது. பாலத்தில் வாகனத்தை நிறுத்த விடமாட்டார்கள். கிழக்குப் பாலம் உயர்ந்துகொண்டே போனது. இரண்டு பக்கமும் கடல். நான் வாய்விட்டுக் கத்தி அழுதுகொண்டு ஓட்டினேன். அவனுக்கு நான் சைக்கிள் பழக்கியது, அவன் முகம் அடிபட விழுந்து நாடி வெடித்தது, அம்மா எனக்கு அடித்தது எல்லாம் வந்தன. மூக்கைத் துடைக்க ஒன்றும் இல்லாமல் சாமான் சுற்றும் கடதாசியைக் கிழித்துத் துடைத்தேன். சுங்கம் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் லொறியை விட்டேன். குணம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

அவர் மூச்சிரைக்கப் பேசினார். சொல்லுங்கோ என்றேன்.

"வசந்தன் கதைச்சவன். முகாமுக்கு வந்திட்டான். உயிரோடை இருக்கிறான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். "பிறகேன் தலையிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"தலையிலை வைக்கேல்லையடாப்பா. கும்பிட்டனான்" என்றார் அவர். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.

கோயிலில் திரை விலகும்போது கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவோமே, அப்படி நின்றிருக்கிறார். என் பழைய நம்பருக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார். மலருக்கும் எடுத்திருக்கிறார். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் போன் அலுமாரிக்குள் கிடக்கும். நான் அந்த நேரம் பாலத்தால் வருவேன் என்று தெரிந்து, தீவின் மற்றக் கரையிலிருந்து ஓடிவந்திருக்கிறார். ஓடிவந்தவருக்கு என்னைக் கண்டதும் கும்பிடத்தான் வந்தது. எனக்கு அது செத்த வீடாகத் தெரிந்தது. தம்பி காணாமற் போனவன் ஆனபிறகு அவனுக்காக அழவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை. அவனுக்கென்று நான் வாய்விட்டு அழுத அழுகை அந்தப் பாலத்தில் அழுததுதான். அதையும் பிழையான நேரத்தில் அழுது தீர்த்துவிட்டேன்.

அவன் என்ன சொன்னான் என்று அந்தத் தரிப்பிடத்திலேயே கேட்டேன். குணம் அண்ணை அப்படியே சொன்னார்: "குணம் அண்ணை, நான் வசந்தன். முகாமிலை நிக்கிறன். இது வேறை ஆக்களின்ரை போன், கனநேரம் கதைக்கேலாது. காயம் ஒண்டும் இல்லை. தப்பி வரேக்கை அண்ணா தந்த சப்பாத்தைத் தண்ணீக்குள்ளை விட்டிட்டன், அண்ணாவிட்டைச் சொல்லுங்கோ. பிறகு எடுக்கிறன்."

பிறகு எடுக்கவில்லை. முகாமில் அவனுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஓர் அம்மா, மாதங்கள் கழித்து வெளியே வந்ததும் எங்களுக்குத் தகவல் அனுப்பினார். ஆமிக்காரர் இளம் பெடியன்களின் பெயரைக் கூப்பிட்டு ஒரு பஸ்ஸில் ஏற்றினார்களாம், வசந்தனும் ஏறினானாம், அந்த பஸ் திரும்பி வரவில்லையாம். யார் யாரிடமோ கேட்டோம். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். குணம் அண்ணை குளிக்கும்போதும் போனைக் கதவுக்கு வெளியே ராணி அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். நானும் அதற்குப் பிறகு நம்பர் மாற்றவில்லை.

அவரைக் காணும்போதெல்லாம் அந்தப் போன் கதையைச் சொல்லச் சொல்லுவேன். அவர் ஒருநாளும் சலிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வசந்தனின் குரலை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்வார். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது என்பதையும் சேர்ப்பார். கேட்கக் கேட்க எனக்கு ஆறுதலும் எரிச்சலும் ஒன்றாக வரும். அது என் தம்பியின் குரல். என் காதுக்கு வந்திருக்கவேண்டியது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், நீங்கள் ஏன் அவனிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கவில்லை என்று சீறினேன். அவர் கோபிக்கவில்லை. "நீ எண்டால் என்ன கேட்டிருப்பாய்?" என்றார். நான் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. "எனக்கும் அப்பிடித்தானடாப்பா" என்றார்.

கடைசியாக அவரைக் கண்டது இந்த மாரியில், நீபோர்க்கில் அவர் வீட்டில். ராணி அக்கா பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழமைபோலக் கேட்டேன். "இண்டைக்கு நீ சொல்லு, நான் கேக்கிறன்" என்றார். எனக்கு ஒருமாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் கூழ்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். நான் முடித்ததும், "ஒண்டை விட்டிட்டாய். சப்பாத்தைத் தண்ணீக்குள்ளை விட்டிட்டன் எண்டு சொல்லேக்கை கொஞ்சம் சிரிச்சவன்" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வசந்தன் சிரித்தானா? இவ்வளவு காலமும் அந்தச் சிரிப்பை உங்களோடேயே வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். ராணி அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"நான் ஒவ்வொரு முறையும் சிரிச்சுத்தானே சொன்னனான்" என்றார் குணம் அண்ணை. "நீ அழுதுகொண்டிருந்தனி. உனக்குக் கேக்கேல்லை."

திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துச் சொன்னேன். இல்லை, இவ்வளவு இல்லை, மூக்காலை வாற மாதிரி என்று திருத்தினார். கூழ் ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் அந்தச் சிரிப்பைச் சிரித்துப் பார்த்தோம். பிறகு அவர், இனிச் சரி என்றார். ராணி அக்கா கூழைச் சூடாக்கித் தந்தார்.

செத்த வீடு முடிந்து வந்த கிழமையில் நிலா என்னிடம் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டாள். தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அந்தப் போன் கதையைச் சொன்னேன். முகாம், காயம், குழந்தையின் அழுகை, சப்பாத்து, சிரிப்பு, எல்லாம் சொன்னேன். அவள் மூக்கால் வரும் அந்தச் சிரிப்பை இன்னொரு முறை சிரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மலர் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது குணம் அண்ணையின்ரை குரலெல்லோ" என்றாள்.

உண்மைதான். தம்பியின் சொந்தக் குரலில் சொல்லிப் பார்ப்போம் என்று முயன்றேன். வரவில்லை. ஊரில் கேட்ட குரல் ஒரு சின்னப் பெடியனின் குரல், போனில் கேட்டவை பாதி இரைச்சல். என் தம்பி என் வாயால் பேசும்போது குணம் அண்ணையாகத்தான் பேசுகிறான், குணம் அண்ணையாகத்தான் சிரிக்கிறான். கப்பலில் தொடங்கி எனக்கு வரவேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்ட மனிதர் கடைசியில் இதையும் எடுத்துக்கொண்டார் என்று அன்று முழுக்க அவரை ஏசினேன். ஏசுவதற்கு ஆள் இல்லை என்பது அடுத்த நாள்தான் உறைத்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குரல்தான். வசந்தன் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "என்ரை குரல் இப்பிடியில்லை அண்ணா" என்று சொல்லும்வரை அதை நான் வைத்திருப்பேன்.